ரிவர்ஸ் கேமரா பொய் என்றால் காரையே திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு தனிநபரிடம் 2016 மாடல் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். "கம்பெனி ரிவர்ஸ் கேமரா, நாலு பார்க்கிங் சென்சார், எல்லாம் நன்றாக வேலை செய்யும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மூன்றாவது வாரம் பின்னால் எடுக்கும்போது திரையில் படம் அப்படியே நின்றுவிட்டது, தூணில் இடித்துவிட்டேன். கேமரா பிறகு வெளியில் போட்டது, சென்சார்கள் மேல் பெயின்ட் அடித்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். "தம்பி, தம்பி" என்று பேசியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. வீட்டில் பேச்சு வாங்கி மாளவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாமா? வாங்கிய வாரமே சைலன்சர் மாற்றினேன். அந்தச் செலவு, மன உளைச்சல் இரண்டுக்கும் சேர்த்து நஷ்டஈடு வேண்டும்.

பதில்: அவர் தம்பி என்று கூப்பிட்டதும், போனை எடுக்காததும், வீட்டில் நடந்ததும் வழக்குக்கு உதவாது. நீங்கள் எழுதிய அத்தனையிலும் சட்டத்துக்குத் தேவையானது "கம்பெனி ரிவர்ஸ் கேமரா" என்ற அந்த ஒரு வரிதான். 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். விற்றவர் வியாபாரியாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும். தனிநபர் என்பதால் நுகர்வோர் ஆணையத்தை மறந்துவிடுங்கள், இது சிவில் கோர்ட் விஷயம். சென்சார் சட்டப்படி கட்டாயம் என்ற வாதமும் உங்களுக்கு இல்லை. அது 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களுக்கு வந்த விதி.

சரி, இப்போது சைலன்சருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். விற்றவரின் உரிமைக்கு முரணாகப் பொருளில் கை வைத்தாலோ, மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் 42-வது பிரிவு கருதும். பெயர் மாற்றி, மூன்று வாரம் ஓட்டி, சைலன்சரையும் கழற்றி வேறு போட்ட பிறகு "இந்தக் கார் எனக்கு வேண்டாம்" என்று சொல்வது மிகவும் கடினம். ஏற்றுக்கொண்டால் 13-வது பிரிவுப்படி கையில் மிஞ்சுவது நஷ்டஈடு மட்டும். அதுவும் சொன்ன கேமராவுக்கும் இருக்கிற கேமராவுக்கும் உள்ள வித்தியாசம்தான், காரின் விலை அல்ல. சைலன்சர் நீங்களாக விரும்பிப் போட்டது, அதைக் கேட்கவே வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்த வாரமே வீல், சைலன்சர் என்று மாற்றத் தொடங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசை புரிகிறது. ஆனால் காரைத் திருப்பிக் கொடுக்கும் வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

அடுத்தது இன்னும் மோசம். என்னிடம் வந்த ஒருவர் கேமரா சரியில்லை என்றதும் புதிதாக மாட்டிக்கொண்டார். பழையது குப்பைக்குப் போனது. பில்லில் "கேமரா மாற்றம்" என்று ஒரே வரி. பழைய கேமரா கம்பெனிப் பொருள் இல்லை என்று நிரூபிக்க அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே இப்போதைக்கு எதையும் கழற்றாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணும் குறித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். தயாரிப்பில் இந்தக் கார் கேமராவோடு வந்ததா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் லைட் ஒயரைக் கீறி, இணைத்து, டேப் சுற்றியிருந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். வெளியில் போட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இருக்காது.

சென்சார் மேல் தடித்த பெயின்ட் என்றால் பின் பம்பர் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து "விபத்தை மறைத்தார்" என்று உடனே தாவாதீர்கள். வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு. அந்த மௌனமே மோசடி என்று வைத்துக்கொண்டாலும், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19-வது பிரிவு விதிவிலக்கு வைத்திருக்கிறது. வாங்கும்போது ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனீர்களா? அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

தூணில் இடித்த செலவையும் விட்டுவிடுங்கள். பின் கண்ணாடியைப் பார்த்தீர்களா, திரும்பிப் பார்த்தீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். இந்த வகைக் காரில் பின் ஜன்னல் சிறியது, பின்னால் ஒன்றும் சரியாகத் தெரியாது என்பது உண்மைதான். அதனால்தான் ஓட்டுகிறவர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்.

கோபத்தில் போலீசில் மோசடிப் புகார் கொடுக்கவும் வேண்டாம், அவர் பெயரோடு இணையத்தில் எழுதவும் வேண்டாம். முதலாவது சிவில் தகராறு என்று திரும்பி வரும். இரண்டாவது அவருக்கு அவதூறு வழக்கு ஒன்றைக் கையில் கொடுக்கும்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, கம்பெனி கேமராவும் சென்சாரும் மாட்டும் செலவை மட்டும் கேளுங்கள். எழுத்தில் பொய் சொன்னவர் இந்த அளவு தொகைக்குக் கோர்ட் ஏற விரும்பமாட்டார். அவர் முக்கால் பங்கு தர முன்வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பணம் கணக்கில் ஏறும் முன் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதுவரை அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, 2023-ன் புதிய சாட்சிய சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தர வேண்டியிருக்கும்.