மலைப்பிரசங்கம் வாசித்து முடித்த அன்று வந்த கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் வேதபாட வகுப்பில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை, அதாவது மத்தேயு 5 முதல் 7 வரை, வாசித்தோம். கடைசி நாள், பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தரச் சொன்னேன். நேரம் போதாமல் நின்றுபோனவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

டீச்சர், அப்பா இறந்த பிறகு வீட்டுமனையைப் பங்கு பிரிப்பதில் தம்பியோடு தகராறு. நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு அவன் பேரில்தான். நான் திருவிருந்து எடுக்கலாமா?

மத்தேயு 5:23-ஐ இன்னொரு தடவை மெதுவாக வாசியுங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. நமக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று இல்லை. தப்பு யாருடையது என்ற கணக்கையே ஆண்டவர் அங்கே எடுக்கவில்லை.

அன்று இயேசு இதைச் சொல்லக் கேட்டவர்களில் நிறையப் பேர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், ஏறத்தாழ மூன்று நாள் நடை. அவ்வளவு தூரம் காணிக்கையைச் சுமந்து வந்தவன், அதை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சகோதரனோடு ஒப்புரவாகி, அப்புறம் மறுபடியும் நடந்து வரவேண்டும். உங்கள் தம்பி வீடு எவ்வளவு தூரம்?

மனையை எப்படிப் பிரிப்பது என்பதைப் பெரியவர்களோ வக்கீலோ பார்க்கட்டும். லூக்கா 12-ல் ஒருவன் வந்து ஆஸ்தியைப் பங்கிடச் சொன்னபோது இயேசு அந்த வேலையை ஏற்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். பத்திரம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் வருடங்கள்தான் போகும். நானும் என் அண்ணனும் ஆறு வருடம் அப்படி இருந்தவர்கள். நான் முதலில் போன அன்று சொத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அண்ணிக்கு உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான். நாலாவது தடவை போனபோதுதான் அண்ணன் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

போய்விட்டு வந்து திருவிருந்து எடுங்கள். தம்பி கதவைத் திறக்காவிட்டாலும் நீங்கள் போயிருப்பீர்கள்.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் சொன்னபோது, மறு கன்னத்தைக் காட்டச் சொல்லித்தானே வேதத்தில் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றார்கள். நான் என்ன செய்ய?

மகளே, அந்தச் சீட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் அப்படிச் சொன்னவர்கள் அந்த வசனத்தைத் தப்பான ஆளிடம் சொல்லிவிட்டார்கள்.

இயேசு "வலது கன்னம்" என்று குறிப்பாகச் சொல்கிறார். வலது கைக்காரர் ஒருவர் எதிரே நிற்பவரை வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். அது காயப்படுத்துவதைவிட அவமானப்படுத்துகிற அடி என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். யூதர்களின் மிஷ்னா சட்டத்தொகுப்பில் கன்னத்தில் அறைந்தால் 200 சூஸ் (வெள்ளிக்காசு) அபராதம், புறங்கையால் என்றால் 400. அவமானப்பட்டவன் பழிவாங்கப் புறப்பட வேண்டாம் என்கிறார் ஆண்டவர். குடிகாரன் கையில் தினமும் உதைபடு என்று அவர் எந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை.

அவரையே அடித்தபோது என்ன செய்தார் என்று பார். பிரதான ஆசாரியன் முன்பு சேவகன் ஒருவன் அறைந்தான். "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை, எல்லார் முன்பும் நியாயம் கேட்டார். சீஷர்களிடமும், ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:23). பாதுகாப்பான இடத்துக்குப் போவது அவிசுவாசம் இல்லை.

பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கோ நம்பிக்கையான வேறு வீட்டுக்கோ போ. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உனக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்கவும் உரிமை உண்டு. மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு, அடி விழாத இடத்தில் இருந்து யோசிக்கலாம். மறு கன்னம் என்பது அடிபட்டவர் தாமாக எடுக்கிற முடிவு. பக்கத்தில் நிற்கிறவர் அதை அவள்மேல் கட்டளையாக வைக்கக் கூடாது. சபை மூப்பர்கள் போய்ப் பேச வேண்டியது அவளிடம் அல்ல, அந்த மனிதரிடம்.

அம்மாவின் மருந்துச் செலவு போக, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்க முடியவில்லை. சாபம் வரும் என்கிறார்கள்.

மாற்கு 7-ஐ எடுங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டவர்களைத்தான் இயேசு கடிந்துகொண்டார். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற தேவவசனத்தை உங்கள் பாரம்பரியத்தால் அவமாக்குகிறீர்கள் என்றார். அம்மாவுக்கு மருந்து வாங்குங்கள் தம்பி. காணிக்கைத் தட்டில் முடிந்ததைப் போடுங்கள். ஏழை விதவையின் இரண்டு காசைப் பார்த்தவர் அதையும் பார்ப்பார். கணக்குப் பார்த்துத் தசமபாகம் கட்டியும் நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களிடம்தான் மத்தேயு 23-ல் அவர் "ஐயோ" என்று சொன்னார்.

முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுத்ததை ஸ்டேட்டஸில் போடலாமா?

சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் போட வேண்டாம். அவர்களுக்கும் ஒரு காலத்தில் வீடு வாசல் இருந்தது. உங்கள் முகத்தைப் போடுவது பற்றி, தர்மம் செய்யும்போது வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்கிற மத்தேயு 6:3-ஐப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். "தேவபக்தியுள்ள மணமகன் தேவை" என்று எழுதி, சாதியையும் போடுகிறோம். எல்லாரும் செய்வதுதானே, இதில் என்ன தப்பு?

இந்தக் கேள்வியை ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி. நம் தமிழ் வேதாகமத்தில் யோவான் 4:9 எப்படி இருக்கிறது தெரியுமா? "யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்களானபடியால்" என்று இருக்கிறது. நாம் வரன் பார்க்கும்போது சொல்கிற அதே சொல், சம்பந்தம்! அந்தச் சுவரைத் தாண்டித்தான் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அதோடு விடவில்லை. அவள் ஊரிலேயே இரண்டு நாள் தங்கினார். தங்கியவர் அவர்கள் வீட்டுச் சோறும் சாப்பிட்டிருப்பார்தானே.

நம் சபைகளில் இது பழைய வியாதி. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். அந்த இடத்தில்தான் உங்கள் விளம்பரத்தின் இரண்டு வரிகளும் நிற்கின்றன. முதல் வரி கேட்பதை இரண்டாவது வரி மறுக்கிறது.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள், தெரியும். முதலில் மகளிடம் கேளுங்கள். பையன் குடிக்கிறானா, வேலைக்கு ஒழுங்காகப் போகிறானா, வீட்டுப் பெண்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று நன்றாக விசாரியுங்கள். விளம்பரத்தில் சாதிப் பெயர் என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே வீட்டுக்கு வருகிறேன்.