கொழும்பில் தீயணைப்பு நிலையமொன்றுக்கு அவசர மருத்துவப் பொருள்கள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்த பணத்தில் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு முதலுதவிப் பொருள்கள் வாங்கித் தர விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். தனியார் மருத்துவமனையொன்றின் மருந்துக் களஞ்சியத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், வெள்ளவத்தையில் எங்கள் சங்கமும் இதே பொறுப்பை என் தலையில் கட்டியது. கடைக்குப் போகும் முன் நிலையப் பொறுப்பதிகாரியிடம் போங்கள் என்பதே நான் முதலில் சொல்லக்கூடியது.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எல்லாச் சிலிண்டருக்கும் பொருந்தும் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி ஒட்சிசன் வெளிவரும் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த சிலிண்டரின் வால்வில் அது உட்காரவே இல்லை, விற்றவரும் திருப்பி எடுக்கவில்லை. களஞ்சியத்தில் இருந்தவனுக்கே இது நடந்தது என்பதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆயினும் பணத்தின் பெரும்பகுதி ஒட்சிசனுக்கே போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புகையில் அகப்பட்டவரின் இரத்தத்தில், புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு), ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் அதன் அளவு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும்போது, சேமிப்புப் பையுள்ள முகமூடி வழியாக அதிக அளவு ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நிகழலாம். ஆனால் 340 லீற்றர் கொள்ளும் சிறு சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் 22 நிமிடமே தாங்கும் என்பதால், சிலிண்டரின் விலையோடு மீள்நிரப்பும் செலவையும் கணக்கில் சேருங்கள். இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஒட்சிமானி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் மயங்க வேண்டாம். காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் அது ஒட்சிசன் நிறைந்த நல்ல இரத்தமாகவே காட்டிவிடும்.

தீப்புண்ணுக்கு விலையுயர்ந்த ஜெல் கட்டுகள் அவசியமில்லை. 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரும், அதன்பின் புண்ணின்மேல் இறுக்காமல் விரிக்கும் சமையலறை பிளாஸ்டிக் தாளும் போதும். இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், ஏனெனில் போலிகளில் பட்டியை இறுக்கும் முறுக்குத் தண்டு உரிய நேரத்தில் முறிந்துவிடக்கூடும்.

வாங்கும் மருத்துவச் சாதனங்கள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானவையா என்று எழுத்தில் கேளுங்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதை வேண்டுகிறது. மாத்திரைகளையும் ஊசி மருந்துகளையும் சேர்க்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வந்துசேரும் வரையான நிமிடங்களுக்கே நீங்கள் வாங்குகிறீர்கள்.

கொழும்பு வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டியின் பெட்டிக்குள் லேற்றெக்ஸ் கையுறை விரைவில் ஒட்டிக் கிழியும் என்பதால் செயற்கை இறப்பரான நைற்றைல் கையுறையைக் கேளுங்கள். இதயத் துடிப்பை மீட்கும் கருவி வாங்குவதானால், அதன் ஒட்டுத்தகடுகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதை நினைவில் வைத்து, மாற்றுத்தகடுகளுக்கும் சேர்த்தே விலைமனு பெறுங்கள். சேர்ந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அடுத்த ஆண்டுக்கென்று சங்கக் கணக்கிலேயே விட்டுவைத்து, பொருள்களை மாநகர சபைக்கு முகவரியிட்ட கடிதத்துடன் ஒப்படைத்து, அவை நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.