கேளுங்க சொல்றேன்: பைல் தூக்கிட்டு வர்ற கன்சல்டன்ட்

கேள்வி: அண்ணே, எங்க ஊருக்கு அப்பப்ப கன்சல்டன்ட்னு சொல்லிக்கிட்டு வாறாக, எம்புட்டு வருமானம், எம்புட்டு கடல்பாசி எடுக்கீகன்னு கேட்டு எழுதிக்கிட்டு போயிடுறாக. இவுகளுக்கு சம்பளம் யாரு குடுக்குறது? நாங்க சொன்னது எங்க போகுது?
- பாசி எடுக்கும் வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, துட்டு ரெண்டு வழியா வரும். மன்னார் வளைகுடா தீவுகளப் பாதுகாக்க உலக சுற்றுச்சூழல் நிதியம் யுஎன்டிபிங்கிற ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியா குடுத்தது மானியம், சுனாமிக்கு அப்புறம் உலக வங்கி குடுத்தது கடன், கடன்னா அதுலருந்து குடுக்குற கன்சல்டன்ட் பீஸையும் சேத்து அரசாங்கம் திருப்பிக் கட்டணும், அதாவது உங்க வரியும் எங்க வரியுந்தான்.

வர்றவரு தன் இஷ்டத்துக்கு கேக்குறதில்ல. டிஓஆர்னு ஒரு காயிதம் இருக்கு, என்ன ஆய்வு, எத்தன மாசம், எத்தன ரிப்போர்ட்டுன்னு அதுல முன்னாடியே எழுதிருக்கும். அந்த வேலையப் பிடிக்க கம்பெனிங்க ரெண்டு கவர் போடும், ஒண்ணுல ஆளுங்க அனுபவமும் வேலத் திட்டமும், இன்னொண்ணுல ரேட்டு. மொத கவருல பாஸ் ஆனவங்களோட ரேட்டு கவர மட்டுந்தான் பிரிப்பாங்க. மார்க்க 80க்கு 20னு பிரிச்சு வச்சிருந்தா ரேட்டுக்கு 20தான், மிச்சம் 80ம் தரத்துக்கு. அதனால பெரிய பெரிய சிவி வச்சிருக்க சிட்டி கம்பெனி ஜெயிக்கும், உங்க வாசல்ல வந்து நிக்கிறது தினக்கூலிக்கு பிடிச்ச பையனா இருக்கும், அவனப் போயி வையாதீக.

நானும் அப்பிடி பைல் தூக்குனவன்தான். பாரத்துல 'மாத வருமானம்'னு ஒரே ஒரு கட்டம். அமாவாச பௌர்ணமிய ஒட்டித்தான் தம்பி கடல்ல எறங்குவோம், காத்து எடுத்துட்டா அதுவும் இல்லன்னு ஒரு அக்கா வெவரமா சொன்னாக, நான் தலைய ஆட்டிக்கிட்டே ஒரு நம்பரப் போட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். இன்னொரு தடவ மீன்பிடி தடைக்கால 61 நாளுக்குள்ள போயி விசைப்படகு ஆளுககிட்ட 'போன வாரம் எவ்வளவு பாடு'ன்னு கேட்டோம்! இப்ப நெனச்சாலும் கூசுது.

நீங்க சொன்னதெல்லாம் மொதல்ல வரைவு ரிப்போர்ட்டுக்குத்தான் போகும், அதாவது ஃபைனலுக்கு முந்துன நகலு. நீங்க பேச வேண்டிய எடம் அதுதான், ஃபைனல் ஆயிட்டா அம்புட்டுதான். 2018 அக்டோபருக்கு அப்புறம் தயார் பண்ண ஆரம்பிச்ச உலக வங்கி திட்டம்னா, பாதிக்கப்படுற மக்களுக்கு புரியிற பாஷையில வெவரம் குடுக்கணும், புகார் சொல்ல ஏற்பாடும் இருக்கணும்னு அவங்க விதியே இருக்கு. அடுத்த தடவ பைலோட வர்றவர நிப்பாட்டி, தமிழ்ல சுருக்கம் எப்ப வரும், புகார யாருகிட்ட குடுக்கணும்னு ரெண்டையும் கேளுங்க, அவரு பாரத்த நிரப்புறதுக்கு முன்னாடியே கேளுங்க.

கேள்வி: ரிப்போர்ட்ட கேட்டா ஆபீஸ்ல அலைய விடுறாக.
- நாட்டுப்படகு மீனவர், மண்டபம்

பதில்: அலையாதீக. தகவல் உரிமை சட்டத்துல 10 ரூவா கட்டி மனு போடுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். சும்மா 'ரிப்போர்ட்'னு எழுதாம டிஓஆர், வரைவு, இறுதின்னு தனித்தனியா கேளுங்க, இல்லன்னா ஏதோ ஒண்ணக் குடுத்து அனுப்பிருவாக. உலக வங்கி திட்டம்னா நெறைய பேப்பர் அவங்க வெப்சைட்லயே சும்மா கெடக்கு, என்ன, எல்லாம் இங்கிலீஷு, காலேஜ் போற புள்ளைகள ஒக்கார வச்சு படிக்கச் சொல்லணும்.

கேள்வி: எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடிச்சிருக்கேன். கன்சல்டிங் பக்கம் போலாமா?
- வாசகர், தொண்டி

பதில்: போங்க. மொதல்ல சர்வே வேலதான் கெடைக்கும், அதுக்கு மொகம் சுளிக்காதீங்க. சிவியில எம்எஸ் ஆபீஸ் தெரியும்னு எல்லாரும் போடுறான், நீங்க நண்டு வலையும் கரைவலையும் வித்தியாசம் தெரியும்னு சேத்துப் போடுங்க.