ஆயில் வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்
சேற்றுத் தண்ணீரில் இறக்கி ஓட்டியதிலிருந்து ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) இழுக்க மாட்டேன் என்கிறது, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தண்ணீர் புகுந்ததன் அடையாளம். தயவுசெய்து ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அந்தக் கலவை பேரிங்குகளைத் தின்றுவிடும்.

முதலில் எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர்பாக்ஸைத் திறங்கள். பெரும்பாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கும், அடியில் சேறு தங்கியிருந்தால் துடைத்தெடுத்துவிட்டு, ஃபோம் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழிந்தால் கிழிந்துவிடும். பெட்ரோலில் கழுவவே வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், ஒட்டு விட்டுப்போவது இன்னொருபக்கம். நன்றாகக் காய்ந்தபின் ஃபில்டர் ஆயில் தடவி, அதிகமானதை அமுக்கி எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம் பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஆயில் ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுத் திரும்ப வடியுங்கள். ஒரே தடவையில் தெளியாது. வெளுப்பு போகும்வரை இப்படியே செய்யுங்கள், மலிவான ஆயிலே போதும், ஆனால் மேனுவலில் சொன்ன கிரேடாக இருக்கட்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்திருந்தால், அது ஆயிலில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த ஆயிலையும் பாருங்கள், அதற்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயில் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெல்ட் வண்டி என்றால் சிவிடி (பெல்ட்டில் இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர்) கவரின் வடிகால் மூடியையும் திறந்துவிடுங்கள், பெல்ட் நனைந்து வழுக்கினாலும் இதே மாதிரிதான் இழுக்காது.