ஃபேன்ஷா என்று எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி: லீட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பறை வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெரியவரை 'மிஸ்டர் ஃபெதர்ஸ்டோன்ஹாஃப்' என்று எழுத்துக்கூட்டி மூன்று தடவை கூப்பிட்டேன், ஆள் அசையவே இல்லை. அப்புறம் மேசைக்கே வந்து 'ஃபேன்ஷா' என்றார். காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என்ன பெயர் இது? 'பெரிய பிரபு வம்சமாக இருக்கும், மன்னிப்புக் கேள்' என்கிறார் கணவர். கேட்கணுமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. இங்கிலீஷில் எழுதினால் Featherstonehaugh என்று 17 எழுத்து, சொன்னால் ரெண்டே அசை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் தடுக்கி விழுகிற பெயர் அது.

அடிப்படையில் ஊர்ப்பெயர்தான். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து, அங்கே ஹால்ட்விஸில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தெற்கு டைன் ஆற்றங்கரையில் ஃபெதர்ஸ்டோன் கோட்டை இன்னமும் நிற்கிறது. 'ஃபெதர்' என்றதும் இறகு என்று நினைப்போம், ஆனால் பழைய ஆங்கிலத்தில் நான்கைக் குறிக்கிற சொல் அது, அதாவது நான்கு கல் நட்ட இடம் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். கடைசியில் நீங்கள் 'ஹாஃப்' என்று படித்தது 'ஹா', அந்தப் பக்கத்து வழக்கில் ஆற்றோரச் சமநிலம். 'கொண்டு வா' நம் வாயில் 'கொண்டா' ஆகிற மாதிரி இதுவும் தேய்ந்தது, கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்துவிட்டது. எழுத்து மட்டும் பழைய சட்டையைக் கழற்றவில்லை. ஃபேன்ஷா என்றே எழுதுகிற குடும்பமும் உண்டு, அது டெர்பிஷையரில் கிளம்பிய வேறு பெயர், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வம்சம் என்றாரே உங்கள் கணவர், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சசெக்ஸில் அப்பார்க் என்று ஒரு மாளிகை, 1747இல் இதே பெயரின் இன்னொரு வடிவத்தைக் கொண்ட சர் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா வாங்கியது. அவர் மகன் சர் ஹாரி எழுபதை எட்டிய வயதில், 1825இல், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண் மேரி ஆன் புல்லக்கைக் கட்டிக்கொண்டார். பிள்ளை இல்லை. 1846இல் அவர் போனதும் சொத்து மனைவிக்கு, மனைவிக்குப் பிறகு கூடவே இருந்த மனைவியின் தங்கை ஃபிரான்சஸுக்கு. அந்தத் தங்கை ஃபெதர்ஸ்டன்ஹா என்று பெயரை மாற்றிக்கொண்டு 1895 வரை எஜமானியாக இருந்தார்! அதற்கப்புறம் மாளிகைக்கு வந்த ஆண்களும் தங்கள் பெயரோடு இதை ஒட்டிக்கொண்டார்கள். ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது, எல்லாம் உயில் செய்த வேலை.

அதனால் உங்கள் பெரியவர் கோட்டைக்காரராகவும் இருக்கலாம், சாதாரண ஆளாகவும் இருக்கலாம், உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டில் 'ஃபேன்ஷா' என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள், வேறு யாருக்கும் புரியாது. ஆனால் அதே பெயரில் இன்னொருவர் வந்தால் சீட்டை நம்பாதீர்கள். முழுசாக ஃபெதர்ஸ்டன்ஹா என்றே சொல்கிற குடும்பங்களும் இருக்கின்றன, அவரிடமே கேட்டுவிடுங்கள்.