ஒரு குரல், ஒரு கிற்றார் என்று அரசியல் பாடியவர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

பில்லி பிராக் என்ற இங்கிலாந்துப் பாடகர். அவரை நான் முதலில் கேட்டது 1993இல், யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவின் துணையோடு.

போரினால் 1990இலிருந்து எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றித்தான் செய்தியும் பாட்டும் கேட்போம். லண்டனிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய கசெற் ஒன்று கிளாலிக் கடல் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணா சுற்றுவார்; அவர் கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். பல வாத்தியங்கள் சேர்ந்த பாட்டென்றால் அந்த இழுபறியில் கூழாகிவிடும். இவருடைய பாட்டு கூழாகவில்லை. தனி மின் கிற்றார், அதன்மேல் சந்தையில் கூவி விற்பவரைப் போன்ற உரத்த குரல். ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை. ஆனால் அந்தக் கோபம் புரிந்தது.

அவருடைய முதல் இசைத்தட்டு 1983இல் வந்தது. பி.பி.சி. வானொலியில் பாட்டு ஒலிபரப்பும் அறிவிப்பாளர் ஜோன் பீல் தமக்குக் காளான் பிரியாணி சாப்பிட ஆசை என்று சொன்னதைக் கேட்டு, பிராக் பிரியாணியையும் இசைத்தட்டையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தாராம். பீல் ஒரு பாட்டை ஒலிபரப்பினார், தவறான வேகத்தில்! இதைப் படித்தபோது அண்ணாவின் சோர்ந்த கைதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தட்டின் அட்டையிலேயே 2.99 பவுணுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அச்சிட்டிருந்தது. அவர் பாட்டில் இருந்த பங்க் என்ற ராக் இசையின் முரட்டுத்தனத்தைவிட இந்த நேர்மைதான் எனக்குப் பெரிது. 1984–85 பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பின்னர் தொழிற்கட்சிக்கு ஆள் சேர்க்கப் பாடிய காலம் எனக்கு அவ்வளவு பிடிக்காது. கட்சி மேடையில் பாட்டு சுருங்கிவிடும் என்பது என் எண்ணம்.

என்னை உண்மையில் அசைத்தது வேறு. இளவயதில் அவர் வேலை செய்த அலுவலகத்தில் இனவெறிப் பேச்சு சாதாரணம். அவரும் வாய் திறக்காமல் இருந்தவர்தான். 1978இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த இசை நிகழ்ச்சிக்கு த கிளாஷ் என்ற பங்க் குழுவைக் கேட்கப் போனார். தமக்குத் துணிவு தந்தது மேடையில் இருந்தவர்களல்ல, சுற்றி நின்ற அந்தப் பெருங்கூட்டம்தான் என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். தன்னைப் போல் நினைப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் கண்டாராம்.

நானும் அப்படி ஓர் அலுவலகத்தில் இருந்தேன். எங்களோடு வேலை செய்த ஒருவரின் சாதியைச் சொல்லி, அவர் இல்லாத நேரத்தில் சிரிப்பார்கள். இரண்டு வருடம் கோப்பைப் பார்த்தபடி குனிந்திருந்தேன். எனக்கு விக்டோரியா பூங்கா எதுவும் கிடைக்கவில்லை. அவர் சொன்ன இந்தக் கதைதான் கிடைத்தது. ஒருநாள் எழுந்து, "இனி இது என் முன்னால் வேண்டாம்" என்றேன். கை நடுங்கியது. இரண்டு பேர் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. மூன்றாவது ஆள், என்னைவிட வயதில் மூத்தவர், மாலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வந்து, தானும் அதையே சொல்ல நினைத்திருந்ததாகச் சொன்னார்.

கேட்க விரும்புவோர் அந்த முதல் தட்டிலிருந்து தொடங்குங்கள். ஏழு பாட்டு, மொத்தம் 16 நிமிடம். காதலும் உண்டு, வேலையில்லாத இளைஞனின் ஏக்கமும் உண்டு.