அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

ஜூலை மாதம், கூட வயதான அப்பா அம்மா, மேற்கு வாசலுக்கு வெளியே தங்கல், கையில் ஒரே நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வரைபடத்தில் வடக்குப் பாதியை விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் பூங்கா சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். உள்ளே 8 போல வளையும் சாலை மட்டும் கிட்டத்தட்ட 230 கி.மீ.

முதல் தடவை போனபோது அந்த எட்டை முழுசாகச் சுற்றினேன். ஓநாய் பார்க்கும் ஆசையில் வடக்குப் பாதியில் இருக்கும் லாமர் பள்ளத்தாக்கை அடைந்தபோது உச்சிவெயில், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற பெரிய வெந்நீர் ஊற்றை இருட்டில் கடந்து வந்தோம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அடுத்த முறை தெற்கு வளையம் மட்டும், கடிகாரம் சுற்றும் திசையில் போனேன். இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். வளையம் சுமார் 155 கி.மீ., வாசலிலிருந்து போய்வர இன்னும் 45. திசை ரொம்ப முக்கியம். மேற்கு வாசல் சாலை வளையத்தோடு சேரும் மேடிசன் சந்திப்பில் பலரும் தெற்கே திரும்பி, காலையிலேயே கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கில் நிற்பார்கள். குளிர்ந்த காற்றில் ஊற்றின் மேல் ஆவி திரண்டு, நீலமும் ஆரஞ்சும் தெரியாமல் போய்விடும். பகல் சூடேறினால்தான் திரை விலகும்.

அதனால் ஆறு மணிக்குள் வாசலைத் தாண்டி, மேடிசனில் வடக்கே திரும்புங்கள். வழியில் வரும் நாரிஸ் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் இறங்க வேண்டாம், நேராக கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே ஆர்ட்டிஸ்ட் பாயிண்ட் என்ற காட்சிமுனையிலிருந்து பார்த்தால் 94 மீட்டர் உயர லோயர் அருவியும் மஞ்சள் பாறைச் சுவர்களும் காலை வெளிச்சத்தில் எதிரே நிற்கும். நடை கொஞ்சம்தான். அருவியின் விளிம்புக்கு இறங்கும் பாதை மட்டும் செங்குத்து, பெற்றோரை அழைத்துப் போகாதீர்கள்.

அப்புறம் ஹேடன் பள்ளத்தாக்கு. காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றால் அரைமணி நேரம்கூடப் போகும். அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே அது வீண் இல்லை. வண்டியை விட்டு இறங்கினால் காட்டெருமைக்கு 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர் தூரம் விடவேண்டும் என்பது விதி.

அடுத்து யெல்லோஸ்டோன் ஏரிக்கரையில் வெஸ்ட் தம்ப் வெந்நீர் ஊற்றுகள், சின்ன சுற்று. அங்கிருந்து மேற்கே போகும்போது சாலையோரம் ஐசா ஏரி வரும். குளம் அளவுதான், ஆனால் அதன் நீர் ஒரு பக்கம் பசிபிக்குக்கும் மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. அப்பாவிடம் காட்டுங்கள்.

அடுத்து வரும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற பீறிடும் வெந்நீர் ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும். அடுத்த வெடிப்பு எப்போது என்று பார்வையாளர் மையத்தில் எழுதியிருப்பார்கள், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். மரப்பாதையை விட்டு ஒரு அடிகூட வெளியே வைக்காதீர்கள். மண் மேலோடு மெல்லியது, அடியில் கொதிநீர்.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக்குக்கு நாலு மணிக்கு மேல் போங்கள், வண்டி நிறுத்துவதும் சற்று எளிது. குறுக்கே 110 மீட்டருக்கும் மேல் இருப்பதால் பக்கத்தில் நின்றால் முழுசாகத் தெரியாது. ஃபேரி ஃபால்ஸ் பாதையில் ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் மேலிருந்து பார்க்க ஒரு மேடை உண்டு. கடைசியில் லேசான ஏற்றம், நின்று நின்று ஏறலாம். அந்த நிற வளையங்கள் வெவ்வேறு சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள்.

கைபேசி சிக்னல் பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள். குளிர் தாங்கும் மேல்சட்டை அவசியம், ஜூலையிலும் விடியற்காலை நடுக்கும், மதியம் இடிமழை வரும். திரும்பும்போது மேடிசன் ஆற்றோரப் புல்வெளியில் எல்க் மான்கள் மேய வரும். வெளிச்சம் இருக்கும்போதே அங்கே வந்துவிடுங்கள்.